சத்துணவுத் தட்டில் பலாக்கொட்டை எங்கே?

பலாவுக்கு இது நல்ல காலம் என்கிறார்கள். தமிழக அரசு 2021இல் தாக்கல் செய்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே பண்ருட்டியில் பலாவுக்கெனச் சிறப்பு மையம் அறிவிக்கப்பட்டது. அதற்கு மூன்றாண்டு முன்பே கேரளம் பலாவை மாநிலப் பழமாக்கிவிட்டது. அது முதல் பருவம் தவறாமல் மதிப்புக்கூட்டல் பேச்சு வருகிறது. சிப்ஸ், ஜாம், ஸ்குவாஷ் என்று எல்லாம் சுளையோடு நின்றுவிடுகிறது. கொட்டையைப் பற்றிக் கேட்டால், “அதையும் செய்யலாம்” என்ற ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பழத்தின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கொட்டை. பத்து கிலோ பழத்துக்கு ஒரு கிலோ நல்ல உணவு குப்பைக்குப் போகிறது என்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

நல்ல உணவு என்பதற்குச் சான்று புதிதல்ல. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்காகக் கோபாலன் குழுவினர் தொகுத்த உணவுச் சத்து அட்டவணை அரை நூற்றாண்டாகக் கையில் இருக்கிறது. 100 கிராம் பலாக்கொட்டையில் புரதம் 6.6 கிராம். சுளையில் 1.9 கிராம். உருளைக்கிழங்கில் 1.6 கிராம்தான். இந்த 6.6ஐயும் 1.6ஐயும் அருகருகே எழுதிப் பார்க்கும்படி சத்துணவுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். நான்கு மடங்கு! சுண்ணாம்புச் சத்து கொட்டையில் 50 மில்லிகிராம், உருளைக்கிழங்கில் 10. இரும்புச் சத்தும் மூன்று மடங்கு. கொழுப்போ அரை கிராம்கூட இல்லை. துவரம்பருப்பில் 22 கிராம் புரதம் இருக்கிறதே என்று கேட்பவர்கள், அது உலர்ந்த பருப்பின் கணக்கு என்பதை மறந்துவிடுகிறார்கள். பச்சைக் கொட்டையில் கிட்டத்தட்ட 64 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் கொட்டையின் புரதம் 18 சதவீதத்தைத் தாண்டும். உருளைக்கிழங்கை அப்படியே உலர்த்தினாலும் ஆறு சதவீதத்தைச் சற்றுத் தாண்டி நின்றுவிடும். எப்படிக் கணக்குப் போட்டாலும் கிழங்கு தோற்கிறது.

ஆனாலும் சத்துணவில் வாரம் ஒருநாள் இடம்பிடித்திருப்பது உருளைக்கிழங்குதான். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளைவது போதாமல், தமிழகத்தின் தேவையில் பெரும்பகுதி வெளிமாநிலங்களிலிருந்து வருகிறது. பண்ருட்டியிலும், புதுக்கோட்டை மாவட்டத்து வடகாட்டிலும், கொல்லிமலையிலும், குமரியிலும் தோட்டத்திலேயே கிடைக்கும் கொட்டைக்குக் கொள்முதல் கிடையாது, விலையும் கிடையாது. 1982இல் சத்துணவைப் பெருந்திட்டமாக்கி நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது.

கொட்டை வாயு என்பார்கள். கொண்டைக்கடலையும் வாயுதான். அதைச் சுண்டலாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறோம்? பச்சைக் கொட்டையில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருப்பது உண்மை. நன்றாக வேகவைத்தால் அதன் வீரியம் அடங்கிவிடும். நம் வீடுகளில் யாரும் பலாக்கொட்டையைப் பச்சையாகத் தின்றதில்லை. அடுப்புச் சாம்பலில் சுட்டார்கள், சாம்பாரில் போட்டார்கள், கத்தரிக்காயும் மாங்காயும் சேர்த்துக் கருவாட்டுக் குழம்பு வைத்தார்கள். கருவாட்டுக் குழம்பில் மீனைவிடக் கொட்டைக்குத்தான் சண்டை நடக்கும். வாயு என்ற பயம் அந்தச் சமையலை அறியாதவர்களின் பயம். அதற்குமேல் அதற்கு மதிப்பளிக்க வேண்டியதில்லை.

உரிப்பது வேலை, சீக்கிரம் கெட்டுவிடும் என்பது இன்னொரு சாக்கு. ஈரப்பதம் அதிகமுள்ள கொட்டை அப்படியே குவித்து வைத்தால் பூசணம் பிடிக்கும், முளைவிடும். செம்மண்ணில் புரட்டிப் பானையில் போட்டு வைத்த கிழவிகளுக்கு இது தெரியும். மேல்தோல் ஓரிரு நாள் காய்ந்தால் கையோடு வந்துவிடும். பழுப்பு நிற உள்தோலை எடுக்கவே வேண்டாம், அதில் நார்ச்சத்து இருக்கிறது. வேகவைத்து, நறுக்கி, உலர்த்தி, மாவாக்கினால் மாதக்கணக்கில் நிற்கும். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கும் ஊரில் ஓர் உலர்த்தியும் ஓர் அரவை இயந்திரமும் வைக்க முடியாதா? வாழைக்காய்க்கும் மரவள்ளிக்கும் முடிந்தது பலாக்கொட்டைக்கு முடியாது என்பவர்கள் வேலை செய்ய விரும்பாதவர்கள்.

பருவம்தான் உண்மையான சிக்கல். பலா குவியும் மே மாதத்தில் பள்ளிகள் மூடியிருக்கும். ஜூனில் திறந்ததும் ஜூலை முடிய, பலா விளையும் மாவட்டங்களிலாவது, பச்சைக் கொட்டையை நேரடியாகச் சமைக்கலாம். மே மாதத்துக் கொட்டையை மாவாக்கி வைத்தால் மற்ற மாதங்களில் காலை உணவுத் திட்டத்தின் கிச்சடியிலும் உப்புமாவிலும் ஒரு பிடி சேர்க்கலாம். சிப்ஸ், ஜாம் கூடங்கள் ஒதுக்கும் கொட்டைக்கு அரசு கிலோவுக்கு ஒரு விலை சொன்னால் போதும். மறுநாளே அது குப்பைக்குப் போகாது. சுளைக்கு விலை விழும் நாளிலும் விவசாயிக்குக் கொட்டை கைகொடுக்கும்.

இதற்கு இனி ஆய்வுக் குழு தேவையில்லை. வரும் பலாப் பருவத்துக்குள் கடலூர், புதுக்கோட்டை, கன்னியாகுமரி மாவட்டங்களில் கொட்டைக் கொள்முதலைத் தொடங்குங்கள். சத்துணவுப் பட்டியலிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தைப் பலாக்கொட்டைக்குக் கொடுங்கள்.