கண்டி ஸ்டேஷன் யாருக்காக?

கண்டியில் ‘குட்செட்’ என்றால் பஸ் நிற்கும் இடம் என்றுதான் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அது பக்கத்துப் புகையிரத நிலையத்தின் சாமான் கொட்டகையால் வந்த பெயர் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

அந்தப் பெயரிலேயே நிலையத்தின் கதை இருக்கிறது. கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். நம்மை ஏற்றிச் செல்லவா? இல்லை, தோட்டத்துக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்தில் சேர்க்க! அதுவரை கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டிகளில் கடுகண்ணாவை மலையிறங்கிப் போயின. அதற்கும் முன்னர், மன்னர் காலத்தில், உப்பையும் புடவையையும் பொதிமாடுகளில் ஏற்றி வந்த தவளக்காரரில் நம்மவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ரயில் வந்து இரண்டே வருடம், 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. துரைமார் ஆடிப்போனார்கள். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1880இல் பாதை மாத்தளைக்கும் நீண்டது. எந்தப் பயிருக்காகத் தண்டவாளம் போட்டார்களோ, அந்தப் பயிர் போய்விட்டது. தண்டவாளம் நமக்கு மிஞ்சியது.

கண்டி பிரதான பாதையில் இல்லை. பேராதனைச் சந்தியில் பிரிந்து உள்ளே வர வேண்டும். அதனால் பதுளைக்குப் போகும் கோச்சி கண்டிக்குள் வந்தால், வந்த வழியே திரும்பித்தான் வெளியேறும். சிறு வயதில் ஒருமுறை, கொழும்புக்கே திரும்புகிறோம் என்று நினைத்து நான் அழுததை உம்மா இன்னும் சொல்லிக் காட்டுவார்.

நிலையத்துக்கு எதிரே தபால் கந்தோர். நடக்கிற தூரத்தில் பெரியாஸ்பத்திரி. பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கென்றே பேராதனையில் சரசவி உயன என்றொரு சிறு தரிப்பிடம். வாகனம் இல்லாத வீடுகளுக்கு இவையெல்லாம் எவ்வளவு பெரிய உதவி!

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டை உலுக்கியபோது மண்சரிவுகள் இந்தப் பாதையையும் பல இடங்களில் உடைத்துப் போட்டன. கண்டிக்கு ரயில் நின்றது. எங்கள் தெருவிலுள்ள ஒரு தங்கை, புற்றுநோயாளியான கணவரை மஹரகமைக்கு மாதாமாதம் ரயிலில்தான் கூட்டிப் போவார். அந்த மாதம் பஸ்ஸில் போய் வந்தார்.

“ராத்தா, கோச்சியில் என்றால் கால் நீட்டுவார், எழுந்து நடப்பார், பாத்ரூமும் இருக்கும். பஸ்ஸில் மூன்று தரம் நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் கெஞ்சினேன். நான் காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்காகவும் நிறுத்தச் சொல்ல முடியுமா?” என்றார்.