பரம்பிக்குளத்தில் அறுந்த சங்கிலியும் அணைப் பாதுகாப்பு விவாதமும்

2022 செப்டம்பர் 21 அதிகாலை இரண்டு மணியளவில், பாலக்காடு மாவட்டக் காட்டுக்குள் நிற்கும் பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் நடு ஷட்டர் பெயர்ந்து நீரோடு சென்றது. அணை அப்போது ஏறத்தாழ நிரம்பியிருந்தது. நொடிக்குச் சுமார் 20,000 கன அடி நீர் பெரிங்கல்குத்து நீர்த்தேக்கத்தை நோக்கிப் பாய்ந்தது; சாலக்குடி ஆற்றின் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. உயிரிழப்பு நேரவில்லை. கோவை, திருப்பூர் மாவட்டப் பாசனத்துக்கும் சர்க்கார்பதி மின்நிலையத்துக்கும் உரிய நீரில் ஏறத்தாழ ஆறு டி.எம்.சி. போயிற்று. சில வாரங்களில் செய்தியும் ஓய்ந்தது.

இதே ஆண்டுகளில் முல்லைப் பெரியாறு பற்றி இரு மாநிலங்களிலும் எழுதப்பட்ட நூல்கள், கட்டுரைகள், மனுக்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையோடு இதை ஒப்பிட்டால் ஒரு விசித்திரம் புலப்படும். 1895-இல் சுண்ணாம்புச் சுர்க்கியால் எழுப்பப்பட்ட அச்சுவர் நிற்குமா என்பதே அணைப் பாதுகாப்பின் ஒரே கேள்வியாக ஆகிவிட்டது. அந்தக் கேள்வி நியாயமானது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால், அதே மலைத்தொடரில் உண்மையில் பழுதாகி உடைந்தது அதைவிட எழுபது ஆண்டுகள் இளைய அணையின் ஓர் இரும்புக் கதவு. உடைந்ததைப் பற்றிப் பேச்சு இல்லை; உடையக்கூடும் என்று அஞ்சப்படுவதைப் பற்றியே பேச்சு.

அந்தக் கதவின் வேலையைப் புரிந்துகொள்வது கடினமன்று. செய்திகளில் வெளிவந்த அளவுகளின்படி அது சுமார் 42 அடி அகலமும் 27 அடி உயரமும் உடையது. அதன் மேல்விளிம்பு வரை நீர் நிற்கையில் அதன்மீது விழும் அழுத்தம் நானூறு டன்னுக்கு மேல். இத்தகைய கதவை மேலே இழுக்கும் இயந்திரத்தின் சுமையைக் குறைப்பதற்காக, சங்கிலியின் மறுமுனையில் ஒரு கான்கிரீட் எதிர் எடை தொங்கவிடப்படுகிறது. கிணற்றடி ஏற்றத்தின் பின்புறம் கட்டிய கல்லைப் போல. பரம்பிக்குளத்தில் அந்த எதிர் எடையின் சங்கிலிதான் அறுந்தது. சங்கிலியின் கண்ணிகளும் ஊசிகளும் ஈரத்திலும் வெயிலிலும் மாறிமாறி நிற்பவை. துரு உள்ளிருந்து அரிப்பது வெளியே பூசிய வண்ணத்தில் தெரியாது. மீயொலிச் சோதனை போன்ற முறைகளால்தான் அதைக் கண்டறிய இயலும்.

கதவு போனபின் செய்வதற்கு அதிகம் இருக்கவில்லை. நீர்மட்டம் கதவின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2024 ஆகஸ்ட் 10 இரவு கர்நாடகத்தின் துங்கபத்ரா அணையில் 19-ஆம் எண் கதவு இதே போலச் சங்கிலி அறுந்து போயிற்று. 1950-களின் அணை அது. மொத்தம் 33 கதவுகள். அங்கே கதவு வல்லுநர் கண்ணையா நாயுடுவின் வழிகாட்டுதலில், ஓடும் நீருக்குள்ளேயே ஸ்டாப்லாக் எனப்படும் இரும்புத் தடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி ஒரு வாரத்தில் அடைத்தார்கள். போற்றத்தக்க துணிவுதான். ஆனால் அத்தடுப்புகள் அணையில் முன்பே ஆயத்தமாக இருந்திருக்க வேண்டியவை. ஆலை ஆலையாக ஆள் அனுப்பி அவசரமாகச் செய்வித்தவை அல்ல.

இது ஏழை நாட்டின் குறை என்று எண்ணுவோர்க்கு 1995 ஜூலை 17 நினைவூட்டத்தக்கது. கலிஃபோர்னியாவின் ஃபால்சம் அணையில் ஒரு கதவைத் தூக்கும்போது அதன் தாங்குகை முறிந்தது. சுழலச்சில் துருவேறி உராய்வு கூடியதும், மசகு போதாமையும் காரணங்களுள் அடங்கும். நீர்த்தேக்கத்தின் ஐந்தில் இரண்டு பங்கு நீர் வெளியேறியது. அணைக்கு அப்போது வயது நாற்பதுகூட நிரம்பவில்லை.

இடுக்கியிலும் இக்கேள்வி உண்டு. 780 மெகாவாட் திறனுடைய மூலமற்றம் மின்நிலையத்துக்கு நீர் தேக்கும் அந்த வளைவு அணையில் ஷட்டர் கிடையாது. வெள்ளம் வெளியேறும் வழி, பக்கத்திலுள்ள செறுதோணி அணையின் ஐந்து ஷட்டர்களே. 1992-க்குப் பிறகு அவை வெள்ளநீருக்காகத் திறக்கப்பட்டது 2018 ஆகஸ்டில். இருபத்தாறு ஆண்டுகள் முழுச் சுமையில் இயங்காத ஓர் இயந்திரம் அன்று இயங்கியதற்குப் பராமரிப்பு ஊழியர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவ்வூழியர்களின் பெயர் எந்த வெள்ள ஆய்வேட்டிலும் இடம்பெறுவதில்லை என்பது வேறு.

நீர்மின் திட்டங்களில் இப்புறக்கணிப்புக்கு ஓர் உள்காரணமும் இருக்கிறது. மின்னாக்கி ஒரு நாள் நின்றால் இழப்பு யூனிட் கணக்கில் அன்று மாலையே பதிவாகும். கதவின் துருவுக்கு அப்படியொரு மீட்டர் இல்லை. பரம்பிக்குளம் திட்டத்தில் மின்நிலையம் மின்வாரியத்தின் பொறுப்பு. அணை நீர்வளத் துறையின் பொறுப்பு. வருமானம் ஒரு கணக்கிலும் கிரீஸ் செலவு வேறொரு கணக்கிலும் எழுதப்படுகின்றன. இரண்டும் சந்திப்பதில்லை.

எல்லைச் சிக்கல் இதன்மேல் அமர்கிறது. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், முல்லைப் பெரியாறு ஆகிய நான்கும் கேரள மண்ணில் தமிழ்நாடு இயக்கும் அணைகள். பரம்பிக்குளத்துக்குச் சாலையே சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்துதான் செல்கிறது. ஆனால் உடைந்தால் நீர் இறங்குவது சாலக்குடியில். செலவிடுபவர் மேற்கே நிகழும் ஆபத்தைப் பார்ப்பதில்லை. ஆபத்துக்கு உள்ளாகிறவர் அணையின் பராமரிப்பேட்டைப் பார்க்க இயலாது. 1970 மே 29-இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் பங்கீட்டை மையமாகக் கொண்டது. அதை மறுஆய்வு செய்யும் பேச்சுகளும் டி.எம்.சி. கணக்கைச் சுற்றியே வந்தன.

2021 டிசம்பர் 30 முதல் நடைமுறையிலுள்ள அணைப் பாதுகாப்புச் சட்டம் இங்கே ஒரு கதவைத் திறந்திருக்கிறது. ஒரு மாநிலத்தின் அணை மற்றொரு மாநிலத்தில் இருந்தால், மாநிலப் பாதுகாப்பு அமைப்பின் பணியைத் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையமே ஏற்கும். பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு கட்டாயம். பராமரிப்புக்குத் தனி நிதி ஒதுக்குவது உரிமையாளரின் கடமை. விரிவான பாதுகாப்பு மதிப்பீடும் அவசரகாலச் செயல்திட்டமும் ஐந்தாண்டுக்குள், அதாவது 2026 டிசம்பர் 30-க்குள், முடிந்திருக்க வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் செய்யத்தக்க வேலை இங்கேதான் உள்ளது. சுவரின் வயதைப் பற்றி இன்னோர் ஆய்வேடு எழுதுவதற்கு முன், நான்கு அணைகளின் கதவு ஆய்வறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம்: சங்கிலிகள் கடைசியாக எப்போது, எம்முறையில் சோதிக்கப்பட்டன, ஸ்டாப்லாக் இருக்கிறதா, ஏற்று இயந்திரத்துக்கு மாற்று மின்சாரம் உண்டா, லஸ்கர் பணியிடங்களில் எத்தனை காலி. அவசரகாலச் செயல்திட்டத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். அதிகாலை இரண்டு மணிக்குத் தமிழில் ஒலிக்கும் முதல் தொலைபேசி அழைப்பு, காட்டுக்குள் கைபேசிச் சமிக்ஞை எட்டாத பழங்குடிக் குடியிருப்பிலும், மலையாளம் பேசும் சாலக்குடி ஆற்றங்கரையிலும் எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரும் என்பது அதில் எழுதப்பட்டிருக்கிறதா?