லேபைப் பூட்டிவிட்டுச் செல்போனைக் காட்டுகிறார்கள்!

ஏழையின் வாசலுக்கே கல்லூரி வந்துவிட்டது என்று கொட்டி முழக்குகிறார்கள். விஞ்ஞானமும் இன்ஜினீயரிங்கும் படிக்கும் பிள்ளைகள் கம்ப்யூட்டர் பாடத்துக்காக இனிமேல் கல்லூரிக்கு நடையாய் நடக்க வேண்டாமாம். வீட்டில் உட்கார்ந்தபடியே, திரையில் தெரியும் புரொபசரைப் பார்த்துப் படித்துவிடலாமாம். செலவு குறையுமாம், காலம் மிச்சமாகுமாம், நாடு முன்னேறுமாம்!

கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் உழைக்கும் ஜனங்கள் எந்தச் சரக்கையும் தராசில் போட்டுப் பார்த்துத்தான் வாங்குவார்கள். இந்தச் சரக்கையும் தராசில் போடுவோம்.

விதி என்ன சொல்கிறது?

பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் ஒரு விதி செய்தது. ஒரு படிப்பில் ஒரு பருவத்தில் நடத்தப்படும் பாடங்களில் 20 சதவீதம் வரை ஆன்லைனில் படித்து மதிப்பெண் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. 2017 ஜூலையில் மத்திய சர்க்கார் ‘ஸ்வயம்’ என்ற ஆன்லைன் மேடையைத் திறந்தது. 2021 மார்ச்சில் 20 சதவீதம் 40 சதவீதமாயிற்று. அதாவது, ஐந்து பாடங்கள் இருந்தால் இரண்டைத் திரையில் முடித்துவிடலாம்.

இதை எங்கே பயன்படுத்துவது? தகுந்த ஆசிரியர் இல்லாத துறைகளுக்கு முன்னுரிமை தரலாம் என்கிறது விதி. இந்த இடத்தைத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஆசிரியர் இல்லையென்றால் ஆசிரியரை நியமிப்பதுதானே முறை? மில்லில் ஆள் பற்றாக்குறை என்றால் ஆள் எடு என்று கேட்கிறோம். ஆள் எடுக்காமல், வேலை செய்கிறவனின் படத்தை மெஷின் மேல் ஒட்டிவைத்தால் நூல் ஓடுமா?

நமது சர்க்கார் கல்லூரிகளில் ‘கௌரவ விரிவுரையாளர்’ என்ற பெயரில் படித்த பட்டதாரிகள் ஆண்டுக்கணக்காகத் தொகுப்பூதியத்தில் தவிக்கிறார்கள். பெயரில் கௌரவம் இருக்கிறது, சம்பளத்தில் இல்லை. அவர்களை நிரந்தரமாக்கினால் செலவாகும். ஒரு தடவை படம் பிடித்த பாடத்தை ஆயிரம் கல்லூரிகளில் ஓட்டினால் செலவில்லை. சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

நாம் எதை எதிர்க்கவில்லை?

‘இவர்கள் கம்ப்யூட்டருக்கே எதிரிகள்’ என்று சிலர் கிளம்புவார்கள். அந்தப் பேச்சு எடுபடாது. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் 2003 முதல் பொதுப் பணத்தில் என்.பி.டி.இ.எல். என்ற திட்டத்தை நடத்தி வருகின்றன. இன்ஜினீயரிங் பாடங்களைப் படம் பிடித்து எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. நல்ல காரியம். கூலித் தொழிலாளியின் மகள் ஐ.ஐ.டி. புரொபசரின் பாடத்தைக் காசில்லாமல் கேட்க முடிகிறது என்றால், அதை வரவேற்கிறவர்களில் முதல் ஆள் நாம்தான். கிராமத்துக்கு நூலகம் வந்தால் எப்படி வரவேற்போமோ, அப்படித்தான்.

ஆனால் ஊருக்கு நூலகம் வந்துவிட்டது, இனிப் பள்ளிக்கூடத்தை மூடிவிடலாம் என்று எவனாவது சொன்னால் விடுவோமா? நமது சண்டை அதைப் பற்றித்தான்.

திரையில் வராதது எது?

கம்ப்யூட்டர் பாடம் வெறும் சொற்பொழிவல்ல, கைத்தொழில். புரோகிராம் எழுதுகிற பையன் ஒரு புள்ளியையோ அடைப்புக்குறியையோ விட்டுவிட்டால் மெஷின் முரண்டு பிடிக்கும். எங்கே தவறு என்று புதிதாகப் படிக்கிறவனுக்குத் தெரியாது. லேபில் வாத்தியார் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார், திரையைப் பார்ப்பார், ‘இந்த வரியை மறுபடியும் படி’ என்பார். அரை நிமிஷத்தில் முடிச்சு அவிழும். வீட்டில் தனியாக இருக்கிறவன் அதே முடிச்சோடு இரவு முழுவதும் போராடுவான். பிறகு ‘எனக்கு மூளை இல்லை’ என்று தன்னையே நொந்துகொண்டு மூடிவைத்துவிடுவான். மூளை அவனுக்கு இருக்கிறது. பக்கத்தில் வாத்தியார்தான் இல்லை.

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவனுக்கு ஒயரும் போர்டும் கையில் வேண்டும். பாலத்தின் பளுவைக் கணக்கிடும் சிவில் மாணவனுக்குச் சக்தியுள்ள கம்ப்யூட்டர் வேண்டும்.

ரிங் பிரேமில் அறுந்த இழையை ஒட்டுவதை எந்தத் தொழிலாளியாவது படம் பார்த்துக் கற்றுக்கொண்டானா? பழைய தொழிலாளியின் பக்கத்தில் நின்று, கையைப் பார்த்து, தானும் செய்து, திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டான். நாற்று நடவும் அப்படித்தான், புரோகிராமும் அப்படித்தான்.

செலவு குறைகிறதா, கை மாறுகிறதா?

ஆன்லைனில் செலவு குறைகிறது என்பது அரைப் பொய். கல்லூரிக்குக் குறைகிறது, குடும்பத்துக்குக் கூடுகிறது.

லேபில் கம்ப்யூட்டர், மின்சாரம், நாற்காலி, மின்விசிறி, இணைய இணைப்பு எல்லாம் கல்லூரியின் பொறுப்பு. பாடம் வீட்டுக்கு வந்தால் இவை அத்தனையும் தகப்பன் தலையில் ஏறுகின்றன. ஆலை முதலாளி மெஷினையும் ஷெட்டையும் மின்சாரத்தையும் தொழிலாளியே கொண்டுவரட்டும் என்றால் எப்படியிருக்குமோ, அப்படி!

அந்தக் குடும்பங்களின் நிலை என்ன? 2017-18-ல் மத்திய சர்க்காரே நடத்திய தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்று சொல்கிறது: கிராமங்களில் கம்ப்யூட்டர் இருந்த வீடுகள் 100-க்கு 4.4, நகரங்களில் 23.4. இணைய வசதி கிராமங்களில் 14.9 சதவீதம், நகரங்களில் 42 சதவீதம். இந்த நிலைமையில்தான் 2020 மார்ச்சில் கொரோனா வந்து கல்லூரிகளை மூடியது. ராத்திரியோடு ராத்திரியாக எல்லாப் பாடமும் திரைக்கு மாறியது.

மாணவர்களால் செலவைத் தாங்க முடியவில்லை என்பதைத் தமிழ்நாட்டுச் சர்க்காரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நாள் ஒன்றுக்கு 2 ஜி.பி. வீதம், ஏறத்தாழ 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இலவச டேட்டா கார்டு தருவதாக அறிவித்தது. நான்கு மாதத்துக்கு! பிறகு? ரீசார்ஜ் பண்ணு, படி! 2024 ஜூலையில் பெரிய தனியார் டெலிபோன் கம்பெனிகள் மூன்றும் ஒன்றையடுத்து ஒன்றாகக் கட்டணத்தை ஏற்றின. பாடம் திரைக்குப் போனால், கல்லூரி வாசலில் இந்தக் கம்பெனிகள் சுங்கச்சாவடி போட்டு உட்கார்ந்துவிடும்.

இப்போதுதான் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே என்பார்கள். செல்போன் பெருகியிருப்பது உண்மை. ஆனால் ஒரு சாண் திரையில் நூறு வரி புரோகிராம் எழுதிப் பார்த்திருக்கிறார்களா இந்தப் பெரிய மனிதர்கள்? அந்தச் செல்போனும் வீட்டுக்கு ஒன்று. அப்பா வேலைக்கு எடுத்துப் போனால் மகளுக்குப் பாடம் இல்லை.

அமெரிக்காவில் நடந்தது என்ன?

இந்தச் சரக்கு பிறந்த இடத்தையும் பார்த்துவிடுவோம். 2011 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பாடம் ஒன்றை செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் என்ற இருவர் ஆன்லைனில் எல்லோருக்கும் திறந்தார்கள். செயற்கை அறிவு பற்றிய பாடம். ஏறத்தாழ 1,60,000 பேர் பெயர் பதிந்தார்கள். உலகமே வாய் பிளந்தது. கடைசிவரை நின்று முடித்தவர்கள் ஏறத்தாழ 23,000 பேர்.

த்ரன் உடனே ‘உடாசிட்டி’ என்ற கம்பெனியைத் தொடங்கினார். 2013 ஜனவரியில் கலிபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம் அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தது. பாடம் ஒன்றுக்கு 150 டாலர். அடிப்படைக் கணிதம், அல்ஜீப்ரா, புள்ளியியல் என்று இன்ஜினீயரிங்குக்கு வாசலான பாடங்கள். அடிப்படைக் கணிதத்தில் மூன்றில் ஒரு பங்கு பேர்கூடத் தேறவில்லை. அதே ஆண்டு ஜூலையில் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். கோடைக்கால வகுப்பில் தேர்ச்சி கூடியதே என்றார்கள். கூடியது உண்மைதான். ஏன் கூடியது? கோடையில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள்! 2013 நவம்பரில் த்ரனே தமது சரக்கு மட்டமானது என்று பத்திரிகைப் பேட்டியில் ஒப்புக்கொண்டார்.

வெற்றி பெற்ற இடமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஜார்ஜியா டெக் 2014 ஜனவரியில் கம்ப்யூட்டர் முதுகலைப் பட்டத்தை ஆன்லைனில் தொடங்கியது. கட்டணம் ஏறத்தாழ 7,000 டாலர்தான். ஆயிரக்கணக்கானோர் படித்துத் தேறினார்கள். அவர்கள் யார்? பெரும்பாலும் ஏற்கெனவே பட்டம் பெற்று வேலையில் இருக்கிறவர்கள். நடக்கத் தெரிந்தவனுக்குச் சைக்கிள் கொடுத்தால் வேகமாய்ப் போவான். தவழுகிற குழந்தைக்குச் சைக்கிளைக் கொடுத்துவிட்டுக் கையை விடுவதா?

இன்னொரு கதையும் உண்டு. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2012-ல் லாப நோக்கமில்லாத அமைப்பாக ‘எட்எக்ஸ்’ என்ற ஆன்லைன் மேடையைத் தொடங்கின. பல நாட்டுப் புரொபசர்கள் பாடம் கொடுத்தார்கள். 2021-ல் அது ‘டூயூ’ என்ற லாபக் கம்பெனிக்கு 80 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. 2024 ஜூலையில் அந்தக் கம்பெனி திவால் மனு போட்டது. பொதுச்சொத்து என்று தொடங்கியது எங்கே போய் நின்றது பார்த்தீர்களா?

பரீட்சைக்கு மட்டும் நேரில் வா!

ஒரு வேடிக்கை. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பில் பாடம் திரையில். பரீட்சையோ மையத்துக்கு நேரில் வந்து எழுத வேண்டும். என்.பி.டி.இ.எல். சான்றிதழுக்கும் அப்படியே. இது தவறென்று நாம் சொல்லவில்லை, சரியான ஏற்பாடு. ஆனால் ஒரு கேள்வி கேட்கிறோம். மாணவனைச் சோதிக்க நேரில் ஆள் வேண்டும், அவனுக்குக் கற்றுக்கொடுக்க மட்டும் ஆள் வேண்டாமா?

நாம் கேட்பது என்ன?

உயர்கல்வியில் சேருவோரை 2035-க்குள் 50 சதவீதமாக்குவோம் என்கிறது 2020 கல்விக் கொள்கை. நல்லது. நமது பிள்ளைகள் சேராமல் அந்த எண்ணிக்கை வராது. ஆனால் அவர்களுக்கு வைத்திருப்பது லேபா, செல்போனா? பணக்காரன் பிள்ளைக்குக் கண்ணாடி மாளிகையில் வாத்தியாரும் லேபும்; தொழிலாளி பிள்ளைக்கு ரீசார்ஜ் கார்டா? வேலைக்கு ஆள் எடுக்கிற கம்பெனி இருவரையும் ஒரே கேள்விதான் கேட்கும். அங்கே தோற்றால், உனக்குத் திறமை இல்லை என்று பழியும் நம் பிள்ளை மேல்தான் விழும்.

தேச வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்று கோத்தாரி கமிஷன் சொன்னது 1966-ல். அறுபது ஆண்டு ஓடிவிட்டது. இன்னும் அந்த எல்லையைத் தொட்டபாடில்லை.

மானியக் குழுவின் அதே விதியில் ஒரு நல்ல வாசகமும் இருக்கிறது. ஆன்லைன் பாடத்துக்குத் தேவையான லேப், கம்ப்யூட்டர், நூலக வசதிகளை மாணவனின் சொந்தக் கல்லூரியே இலவசமாகவும் போதிய அளவிலும் தர வேண்டும் என்பது அது. அந்த வாசகத்தை நாம் கையில் எடுத்துக்கொள்வோம்.

1. ஆன்லைன் பாடம் வாத்தியாருக்குத் துணையாகட்டும்; வாத்தியாருக்குப் பதிலாக வேண்டாம். காலியிடங்களை நிரப்பு!

2. கம்ப்யூட்டர் லேபை மாலையிலும் விடுமுறையிலும் திறந்து வை. பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் போடு!

3. திரையில் பாடம் என்றால் கம்ப்யூட்டரும் இணையமும் கல்லூரியின் செலவு. அந்தச் செலவைக் குடும்பத்தின் தலையில் கட்டாதே!

4. பொதுப் பணத்தில் உருவான பாடங்கள் என்றென்றும் பொதுச்சொத்து. விற்காதே!

தோழர்களே! உங்கள் மகனோ மகளோ கல்லூரியில் படித்தால் இன்று இரவே கேளுங்கள்: இந்தப் பருவத்தில் எத்தனை பாடம் திரையில்? லேப் வாரத்துக்கு எத்தனை மணி? வாத்தியார் இருக்கிறாரா? பதிலை எழுதி வாங்குங்கள். பத்துப் பெற்றோர் சேருங்கள். விதியின் அந்த வாசகத்தோடு பிரின்ஸிபால் அறைக்குப் போங்கள். போனஸையும் கூலி உயர்வையும் யாரும் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. கூடி நின்று கேட்டுத்தான் வாங்கினோம். பூட்டிய லேபின் சாவியையும் கூடி நின்றுதான் வாங்க வேண்டும்.