கல்லின் சான்று

வைரம் உண்டோ இல்லையோ என்பதை மண்வெட்டியே காட்டட்டும் என்று நிலத்தை அகழ்ந்த காலம் ஒன்றிருந்தது. அகழுமுன் கல்லின் இரசாயனக் கூறுகளை ஆராய்ந்து துணிதல் வேண்டும் என்பதே நம் கருத்து. அவை 'உண்டு' என்னும்போது மகிழ்ந்து ஏற்கும் நாம், 'இல்லை' என்னும்போதும் செவி சாய்த்தல் வேண்டும்.

வைரம் எரிமலையிற் பிறப்பதன்று. பெரும்பாலும் நிலத்தின்கீழ் 150 கிலோமீட்டர் ஆழத்திற்கு அப்பால் பேரழுத்தத்தில் விளைந்து கிடக்கும் அதனைக் கிம்பர்லைட் என்னும் எரிமலைக் குழம்பு வாரிக்கொண்டு மேலெழுகின்றது. ஆதலின் அப்பாறை வைரத்திற்கு ஊர்தியே ஆகும். ஊர்திகளுள் வெறுமையாய் வந்தனவே மிகுதி. உலகிற் காணப்பட்ட ஆயிரக்கணக்கான கிம்பர்லைட்டுகளுள் சுரங்கம் வெட்டத்தக்கவை மிகச் சிலவே. அவற்றுள்ளும் ஒரு டன் கல்லில் ஒரு கிராம் வைரம் கிடைப்பது அரிது. இதனைக் கண்ணாற் பார்த்துத் தெளிதல் எங்ஙனம் இயலும்?

இங்கே துணைபுரிவது கார்னெட் என்னும் சிவந்த சிறுமணி. வைரத்தோடு உடன்பிறந்த கார்னெட்டுகள் பலவற்றில் குரோமியம் மிகுந்தும் கால்சியம் குறைந்தும் இருத்தலை 1970களில் சைபீரியக் கற்களை ஆராய்ந்த சபோலெவும், தென்னாப்பிரிக்கக் கற்களை ஆராய்ந்த கர்னியும் எடுத்துக்காட்டினர். சொல்வடிவங்களை நோக்கி ஒரு செய்யுளின் காலத்தை உய்த்துணரும் தமிழ் மாணவருக்கு இம்முறை வியப்பளியாது. பெரியதொன்றின் வரலாறு சிறியதொன்றின் உறுப்பில் எழுதப்பட்டிருத்தலை நாம் நாள்தோறும் காண்கின்றோம்.

கனடாவின் வடபுலத்தில் பண்டைப் பனியாறு இத்தகைய மணிகளை நெடுந்தொலைவு சிதறியிருந்தது. சார்லஸ் பிப்கே, ஸ்டூவர்ட் பிளசன் என்னும் இருவர் 1980களில் மணலை அரித்து, மணிகளின் கூறுகளை அளந்து, அவை வந்த வழியே கிழக்கு நோக்கிச் சென்றனர். 1991இல் லாக் டி கிரா ஏரிப்புறத்தே துளையிட்டபோது, 59 கிலோகிராம் கல்லில் 81 சிறு வைரங்கள் கிடைத்தன. 1998இல் ஏகாட்டிச் சுரங்கம் திறக்கப்பட்டது.

அங்குள்ள வைரப்பாறைகள் பல ஏரிகளின் அடியிலே கிடக்கின்றன. அவற்றை அகழ ஏரிநீரை இறைத்தல் வேண்டும். ஏகாட்டியில் அவ்வாறே இறைத்தனர். அந்நிலமோ காரிபூ மான்கள் கூட்டங்கூட்டமாய்ச் செல்லும் வழி. டெனே மக்கள் தலைமுறை தலைமுறையாக அம்மான்களை நம்பி வாழ்ந்தவர்கள். ஆதலின் 'இங்கு வைரம் இல்லை' என்று ஒரு சிறுமணி காலத்தே கூறுமாயின், பொருள் மட்டுமன்றி நீரும் நிலமும் காக்கப்படும். முதல் திரட்டுவோர் நம்பிக்கையூட்டும் முடிவுகளை மட்டும் பறைசாற்றி, ஏனையவற்றைப் பெட்டியில் பூட்டிவைத்தல் முறையன்று.

மணியின் கூற்று என்றும் பிழையாதோ எனின், பிழைத்தலும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் பாறை கிம்பர்லைட்டும் அன்று. லாம்ப்ராய்ட் என்னும் வேறினத்தது. அதன் வைரங்களுட் பெரும்பாலன எக்லோஜைட் என்னும் பாறைச் சூழலில் விளைந்தன; அவற்றோடு பிறக்கும் கார்னெட்டில் குரோமியம் குறைவு. முன்கூறிய அளவையொன்றையே கொண்டிருந்தால் ஆர்கைலைத் தள்ளியிருத்தல் கூடும். 1979இல் ஓடை மணலிற் கிடைத்த வைரங்களே அதற்கு வழிகாட்டின. 1983 முதல் 2020 வரை அங்கு 80 கோடி காரட்டுக்கு மேல் எடுக்கப்பட்டது.

இதனால் முன்னைய அளவை பொய்யென்று ஆகாது. அறிந்த சுரங்கங்களினின்று பிறந்த விதி அறியாதனவற்றைக் கண்டு விரிவடைதல் வேண்டும். புதிய இலக்கியம் தோன்றுந்தோறும் இலக்கணமும் விரிவது போல. ஒரு சான்றோடு அமையாது, கார்னெட்டையும் குரோமைட்டையும் இல்மனைட்டையும் பாறையின் முழுக்கூறுகளையும் ஒருங்கே வினவித் துணிவதே அறிவுடைமை. அவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும்வரை ஏரியின் நீர் ஏரியிலேயே இருக்கட்டும்.