கோடையில் என்ன செய்தாய்?

ஏப்ரல் வந்துவிட்டால் சென்னையின் பெரிய பள்ளிகளில் பதினோராம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் வீடுகளில் ஒரே கவலைதான்: இந்தக் கோடையில் எதைச் செய்தால் கல்லூரி விண்ணப்பம் எடுபடும்? அசோகா போன்ற தனியார் பல்கலைக்கழகங்களும் அமெரிக்கக் கல்லூரிகளும் மதிப்பெண்ணோடு நிறுத்துவதில்லை. கட்டுரை கேட்கின்றன, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய் என்று கேட்கின்றன. பதிலை விற்பதற்கும் சந்தை இருக்கிறது. காசு கொடுத்தால் இன்டர்ன்ஷிப் கிடைக்கும், ஆய்வுக் கட்டுரை கிடைக்கும், மலைக்கிராமத்துக் குழந்தைகளுக்கு இரண்டு வாரம் ஆங்கிலம் சொல்லித்தந்த புகைப்படமும் கிடைக்கும்.

அதே ஏப்ரலில் போடிநாயக்கனூரில் இலவம் பஞ்சுப் பருவம். காயை உடைத்துப் பஞ்சு எடுக்கும் வேலைக்குக் குடும்பமாகப் போகிறார்கள். விடியுமுன் ஜீப்புகள் ஆட்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. காய் பறிப்பு ஆடிக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். கோடையில் கவாத்து, களையெடுப்பு, தண்ணீர் பாய்ச்சுவது, மருந்தடிப்பது. அம்மா ஜீப் ஏறிய பிறகு சோறு பொங்கி, தண்ணீர் பிடித்து, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது பிளஸ் ஒன் முடித்த மகள். லீவில் என்ன செய்தாய் என்று அவளைக் கேட்டுப் பாருங்கள். சும்மாதான் இருந்தேன் என்பாள்.

இந்த "சும்மா"வைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மாணவரின் "முழு ஆளுமையை" எடைபோடும் இந்த ஏற்பாட்டின் பிறப்பு அவ்வளவு யோக்கியமானது அல்ல. 1922-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவர் லோவெல், யூத மாணவர்கள் பெருகிவிட்டார்கள் என்று அவர்களுக்கு உச்சவரம்பு வைக்கப் பார்த்தார். தேர்வில் அவர்கள் நன்றாகவே தேறினார்கள், அதுதான் அவருக்குச் சிக்கல். நேரடி வரம்புக்கு எதிர்ப்பு வந்ததும் குணநலன், ஆளுமை என்ற பெயரில் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. யூத மாணவர் எண்ணிக்கையும் குறைந்தது.

நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. 1970-இல் தமிழக மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகப் பேட்டிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. எதற்கென்று பாருங்கள்: விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு அப்பாற்பட்ட சேவைகள், உடல்திடம், பொதுத்திறன், நாட்டம். பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றமே இந்த 75 மிகையாகத் தெரிகிறது என்றது. பின்னாளில் பேட்டி போய் நுழைவுத்தேர்வு வந்தது. தொழிற்கல்விக்கான அந்த நுழைவுத்தேர்வையும் 2006 சட்டம் நீக்கியது. இன்று பொறியியல் கலந்தாய்வில் உன் அப்பாவுக்கு யாரைத் தெரியும், கோடையில் எங்கே போனாய் என்று கேட்க ஆளில்லை. மதிப்பெண்ணும் சமமான தராசு அல்லதான், நீட் அதை நமக்கு நன்றாகவே காட்டிவிட்டது. ஆனாலும் பேட்டி மேசையை அகற்றியது சிறிய வெற்றி அல்ல.

அப்படியானால் கட்டுரை கேட்கும் கல்லூரிகள் நமக்கு வேண்டாமா? வேண்டும். முழு உதவித்தொகை தரும் இடங்கள் அங்கேயும் இருக்கின்றன. கதவு கோணலாக இருக்கிறது என்பதற்காக நம் பிள்ளைகள் வாசலிலேயே நிற்க முடியாது. அமெரிக்கக் கல்லூரிகள் பல ஏற்கும் 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகள் வரை எழுதலாம். அந்த வகைகளில் "கூலி வேலை", "குடும்பப் பொறுப்பு" இரண்டும் உண்டு. வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் கேட்கிறது. 2016-இல் ஹார்வர்டு கல்வியியல் பள்ளி வெளியிட்ட அறிக்கை ஒன்றும் குடும்பத்துக்காக உழைப்பதைச் சேவையாகவே மதிக்க வேண்டும் என்றது. விலை கொடுத்து வாங்கிய இன்டர்ன்ஷிப் நிற்கும் அதே வரிசையில் பஞ்சுக் களத்தையும் எழுத இடம் இருக்கிறது. சொல்லித்தரத்தான் ஆளில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் களத்தில் உழைப்பதை நாம் கொண்டாடவில்லை. 1953-இல் ராஜாஜி பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்றார். அந்தக் குலக்கல்வியை விரட்டிய மண் இது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, விடுமுறையில் குழந்தைகள் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று பின்வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. எந்தக் குடும்பம், எந்தத் தொழில் என்பதைச் சாதி தீர்மானிக்கும் நாட்டில் இதற்கு என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. வறுமையை அழகாக எழுதி நகரத்துத் தேர்வாளரின் கண்ணைக் கலங்க வைக்கும் கட்டுரையும் நமக்கு வேண்டாம். அது இன்னொரு வகைப் பிச்சை. செய்த வேலையை வேலை என்று, மணிக்கணக்கோடு எழுதினால் போதும்.

எழுத விஷயமா இல்லை? ஜீப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், கூலியில் வண்டிக்கு எவ்வளவு போகிறது, ஏலத்துக்கு எந்த மருந்தை எத்தனை நாளைக்கு ஒருமுறை அடிக்கிறார்கள், அடிப்பவருக்குக் கையுறை தருகிறார்களா, போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் கிலோ என்ன விலைக்குப் போனது, அன்று அம்மா வாங்கிய கூலி என்ன. ஒரு நோட்டில் இரண்டு மாதம் குறித்துவைத்தால் அது ஆய்வு. மலைக்கிராமத்துக்கு விருந்தாளியாக வருபவரால் அதைச் செய்ய முடியாது.

போடி, கம்பம், கோம்பைப் பக்கத்திலிருந்து கல்லூரிக்குப் போய் லீவுக்கு ஊர் திரும்பியிருக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. தெருவில் பிளஸ் டூவுக்குப் போகும் பிள்ளைகள் யார் யார் என்று தெரியும். ஒரு ஞாயிறு மாலை நூலகத்திலோ சமுதாயக்கூடத்திலோ அவர்களோடு உட்காருங்கள். கட்டணத் தள்ளுபடிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று காட்டுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய் என்பதிலிருந்து கேட்கத் தொடங்குங்கள். "சும்மா இருந்தேன்" என்றால் விடாதீர்கள், மணியைக் கூட்டுங்கள்.