தக்கை இருக்கட்டும், இரை வேண்டாம்

அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் மாநில ஆறுகளில் கோடையில் ஏறிவரும் ஸ்டீல்ஹெட், கடலுக்குப் போய்த் திரும்பும் ரெயின்போ ட்ரௌட் மீன். குளிர்காலத்தில் வருவது முட்டையிடத் தயாராக வருகிறது. கோடை மீனோ மே முதல் அக்டோபருக்குள் ஆற்றில் நுழைந்து, முட்டையிடும் காலம் வரும்வரை பல மாதங்கள் ஆழமான மடுக்களில் காத்துக்கிடக்கிறது. தக்கை கட்டிய தூண்டிலில் சால்மன் முட்டை, மண்புழு, இறால் கோத்து இதைப் பிடிப்பது அங்கே பழகிய முறை. ஆற்றிலேயே பிறந்த ஸ்டீல்ஹெட் தங்கும் இடங்களில், கோடை முடியும்வரை இந்த இரையைத் தடை செய்தாக வேண்டும்.

பொரிப்பகத்தில் வளர்த்து விட்ட மீனுக்கு வாலை ஒட்டிய சிறு கொழுப்புத் துடுப்பை வெட்டியிருப்பார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்; துடுப்பு முழுதாக உள்ளதைத் திரும்ப விட வேண்டும் என்பது பெரும்பாலான ஆறுகளில் விதி. எந்த மீன் என்பது கரையருகே இழுத்த பிறகுதான் தெரியும். முள் உதட்டில் ஏறியிருந்தால் மீன் பிழைக்கும். செவுளிலோ தொண்டையிலோ ஏறியிருந்தால் ரத்தம் கொட்டும், விட்டும் பயனில்லை. கடலுக்குப் போகாத ட்ரௌட் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 1992இல் வெளியான கட்டுரையின்படி, இரையில் சிக்கி விடப்பட்டவற்றில் சுமார் 31 சதவீதம் செத்தன. செயற்கைத் தூண்டில்களில் அது 5 சதவீதத்துக்கும் குறைவு.

தக்கை அமிழ்ந்ததும் சுண்டிவிட்டால் மீன் விழுங்க நேரமேது என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நீரோட்டம் தூண்டில் நரம்பை வில்லாக வளைத்துவிடும்; சுண்டிய வேகம் முள்ளை எட்டுமுன் அந்தத் தளர்வு இறுக வேண்டும். செயற்கைத் தூண்டிலை மீன் துப்பிவிடும். முட்டையின் ருசி அதை விழுங்க வைக்கும். வான்கூவர் தீவின் கியோ ஆற்றில் இரையால் இறந்த ஸ்டீல்ஹெட் மிகச் சொற்பம் என்று காட்டிய 1980களின் ஆய்வையும் எடுத்துக்காட்டுவார்கள். அது குளிர்கால மீன், குளிர்ந்த நீர். ஆகஸ்டில் நீர் 20 டிகிரியைத் தொடும்போது ஆக்சிஜன் குறைந்து, போராடிக் களைத்த மீன் தேறுவதே கடினம்.

அணைகள் கொல்வது இதைவிட அதிகம் என்பதும் உண்மைதான். 1997இல் ஸ்னேக் ஆற்று ஸ்டீல்ஹெட் பாதுகாக்க வேண்டிய இனங்களின் பட்டியலில் சேர்ந்ததற்கு அணைகள் முக்கியக் காரணம். அணையை அகற்றும் விவாதம் பல பத்தாண்டுகளாக இழுக்கிறது. இரையை வரும் ஜூனிலேயே நிறுத்தலாம். வடக்கு அம்ப்குவா ஆற்றில் 1952 முதல் சுமார் 50 கிலோமீட்டருக்கு, பூச்சி போல் இறகும் நூலும் கட்டிய ஃபிளை தூண்டில் மட்டும் அனுமதி. எல்லா ஆற்றிலும் அந்த அளவுக்குப் போனால் வசதியும் பயிற்சியும் உள்ளவர்களே மிஞ்சுவார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. அதனால்தான் தக்கையை விலக்கச் சொல்லவில்லை. அதன் கீழே முட்டைக்குப் பதில் ஜிக் எனும், இறகு கட்டிய கனத்தலை முள்ளோ வண்ண நூல்பந்தோ தொங்கட்டும். பழைய கோலே போதும், சிறுவர்களும் பிடிக்கலாம். பொரிப்பக மீன் மட்டுமே ஏறும் ஆறுகளில் முட்டையும் புழுவும் தொடரட்டும்.