எல்லையிழந்த ஒரு மற்போர்க் கம்பெனி

வெற்றி தோல்வி முன்னரே வகுக்கப்பட்ட தொழில்முறை மற்போரை வெறும் ஏமாற்றென்று தள்ளி, அதன் வரலாறு ஆராயத்தக்கதன்று எனக் கருதுவோர் கற்றோருட் பலர். நாம் அவரோடு உடன்படோம். கூத்தில் மாள்பவன் யாவனென அறிந்தும் நம்மவர் விடியுமளவும் விழித்திருந்து காண்பதில்லையா?

கனடா தேசத்தில் ஸ்டூ ஹார்ட் என்பார் 1948-ஆம் ஆண்டில் ஒரு மற்போர்க் கம்பெனியை நிறுவினார். பல பெயர் பூண்டு, பின்னர் அது ஸ்டாம்பீட் மற்போர் என வழங்கலாயிற்று. அந்நாளில் வட அமெரிக்க மற்போருலகம் குறுநில மன்னர் ஆட்சியை ஒத்திருந்தது. அதே 1948-இல் அயோவா மாகாணத்திற் கூடிய முதலாளிகள் சிலர் ஒரு சங்கங்கண்டு, ஒருவர் எல்லையிற் பிறர் புகாமையை மரபாக்கினர். ஸ்டூவின் எல்லை ஆல்பர்ட்டாவும் சஸ்காச்சுவானும். கால்கரியில் ஆடிய மல்லர், ஏனைய நாட்களில் வண்டியேறி எட்மன்டன், சஸ்கட்டூன், ரெஜைனா எனப் பனிபடர்ந்த நெடுவழியிற் செல்வர்.

ஆயினும் அக்கம்பெனியின் உயிர்நிலை அரங்கன்று. ஸ்டூவின் இல்லத்து நிலவறையே. 'டன்ஜன்', அதாவது பாதாளச்சிறை, எனப் பெயர்பெற்ற அவ்வறையிற் பயில வந்தோர் அவர் பிடியிற் சிக்கி அலறினர். போட்டி புனைவாயினும் பயிற்சி புனைவன்று. அவருடைய பன்னிரு மக்களுள் ஆண்மக்கள் எண்மரும் இத்தொழிலில் ஈடுபட்டனர்.

கேபிள் தொலைக்காட்சியின் துணையால் எல்லைகளையெல்லாம் கடந்த வின்ஸ் மக்மானின் அமெரிக்கக் கம்பெனி 1984-இல் இதனை விலைக்கு வாங்கிற்று. ஸ்டூவின் மகன் பிரெட், மருகர் டேவி பாய் ஸ்மித், மற்றும் டைனமைட் கிட் முதலியோர் அங்கே சென்றனர். பிரெட், தம் தந்தை பிறந்த சஸ்கட்டூனிலேயே 1992-இல் அக்கம்பெனியின் உலகப் பட்டத்தை எய்தினார். தாய்க் கம்பெனியோ 1985-இல் மீளத் தொடங்கியும் ஐந்தாண்டு நிலைக்கவில்லை. 1999-இல் மீண்டும் எழுந்து, பின்னர் ஓய்ந்தது.

பெரியது சிறியதை விழுங்குதல் வாணிகத்தின் இயல்பு, காண்போர்க்கும் மேலான காட்சி கிட்டிற்று என்பாரும் உளர். அதில் ஓரளவு உண்மையுண்டு. சிறு கம்பெனிகளிற் கூலியோ சொற்பம், வழியோ கொடிது. அதனைப் பொற்காலமென்று நாம் புனையோம். ஆனால் நிலத்தை வாங்கினோர் கதிரைக் கொண்டு சென்றனர், விதைப்பாரைப் பேணவில்லை என்பதே நம் குறை. எல்லைகள் யாவும் அழிந்து நெடுநாட்சென்ற பின், 2013-இல், அப்பெருங்கம்பெனியே பிளாரிடாவின் ஆர்லாண்டோவில் மிகுபொருள் செலவிட்டுப் பயிற்சிக்கூடமொன்று எழுப்ப நேர்ந்தது. கால்கரியில் அப்பணிக்கு ஒரு வீட்டின் நிலவறை போதியதாயிருந்தது.